துரை இடுப்பில் இருந்த ரிவால்வர்

திருட்டுக் கொடுத்தவனுக்கு இந்த உலகத்தில் ஒரு மரியாதை உண்டு. அக்கம்பக்கத்தார் வந்து உட்கார்ந்து, உச்சுக் கொட்டி, திருடனைத் திட்டிவிட்டுப் போவார்கள். ஏமாந்தவனுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. அவன் முதல் வரியைச் சொல்லும்போதே எதிரில் இருப்பவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவார். இரண்டிலும் போனது சொந்தப் பணம்தானே, இது என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. (ஏமாற்றியவனுக்குக் கெட்டிக்காரன் என்ற பட்டம் வேறு.)

ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரங்கோனில், லத்தா பேட்டை நடைபாதையில், நான் ஒரு பழைய ரிவால்வரை விலைக்கு வாங்கினேன். அடிமாட்டு விலைக்கு வாங்கினேன். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடலாம்.

இது நடந்து பத்து வருடத்துக்கு மேல் இருக்கும். நாடு வெளியுலகத்துக்குக் கொஞ்சம் கதவைத் திறந்து வைத்திருந்த காலம். எல்லார் கையிலும் புதுக் கைபேசி. முதுகுப்பை மாட்டிய வெள்ளைக்காரர்கள் சந்து சந்தாக அலைந்து, நம் வீட்டில் அரிசி அளக்கிற படியைக்கூடப் பழம்பொருள் என்று வாங்கிப் போனார்கள். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் கம்பெனியில் கிளார்க் வேலை. அடுத்த பேட்டையான லான்மடாவில் நாலாவது மாடியில் வாடகை வீடு. மனைவி ஸ்டெல்லா மழலையர் பள்ளியில் டீச்சர்.

என் புத்தி கெட்டதற்குக் காரணம் சகலை பெனடிக்ட். ஸ்டெல்லாவின் அக்கா புருஷன். அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு பித்தளைக் கப்பல் மணி தொங்கும். வருகிறவர்கள் எல்லாரும் அதை ஒரு தட்டுத் தட்டியாக வேண்டும். தட்டினால், அது எந்தக் கப்பலில் இருந்தது, எந்தப் புயலில் அடித்தது, யார் கையிலிருந்து இவர் கைக்கு வந்தது என்று ஒரு மணி நேரம் கேட்டாக வேண்டும். கிறிஸ்துமஸ் அன்று என் மாமனார் அந்த மணியைத் தடவிக்கொண்டே, "வீடுன்னா இப்பிடி ஒரு பொருள் இருக்கணும் மாப்ளே" என்றார், என்னைப் பார்த்து. என் வீட்டுச் சுவரில் இருந்தது ஒரு சிமெண்டுக் கம்பெனி காலண்டர். அதுவும் போன வருடத்தது.

மனிதனுக்கு ரோஷம் வருமா, வராதா?

லத்தாவில் ஒரு சனிக்கிழமை மதியம், கைபேசியில் ஸ்டெல்லாவோடு தமிழில் பேசிக்கொண்டே நடந்தேன். நடைபாதையில் பழைய சாமான் பரப்பியிருந்தவர் தலையைத் தூக்கினார். ஓடாத கடிகாரங்கள், மை போன பேனாக்கள், செல்லாத நாணயங்கள், அவற்றின் நடுவில் அவர். கழுத்தில் முருகன் டாலர். வாயில் வெற்றிலை. கண்ணில் பக்தி.

"நம்ம சனமா?" என்றார்.

ஆமாம் என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் என்னை விழுங்கியது. இந்த ஊரில் பர்மியக் கடைக்காரரிடம் பத்துத் தடவை யோசித்து வாங்குகிறவன், சீனக் கடைக்காரரிடம் இருபது தடவை யோசிக்கிறவன், "நம்ம சனமா" என்று கேட்டவரிடம் யோசிக்கிற வேலையையே விட்டுவிடுகிறான்.

அவர் பெயர் பாண்டி. என் பெயரைக் கேட்டு, பர்மிய மரியாதைக்கு ஒரு 'கோ' சேர்த்துக்கொண்டு, சாமான்களுக்குப் பின்னால் கையை விட்டு, பழைய லுங்கித் துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தார்.

"கோ சேவியர், மத்தவங்ககிட்ட இத நான் எடுக்கிறதே இல்ல. நீங்க தமிழ் பேசுனீங்க. மனசு கேக்கல."

துணியை விலக்கினார். ரிவால்வர். கறுப்பு உலோகம், மரப்பிடி, பிடியின் அடியில் ஒரு வளையம்.

"தொரை இடுப்புல இருந்தது" என்றார் பாண்டி.

"எந்தத் துரை?"

"பெரிய தொரைங்க. தொப்பி, பூட்சு எல்லாம் மாட்டிக்கிட்டுக் குதிரையில வருவாரு. எங்கப்பா கிட்ட நின்னு பாத்திருக்காரு. இத நீட்டுனாருன்னா எதிர்ல நிக்கிறவன் விழுந்தான். எத்தன பேரு விழுந்தத எங்கப்பா கண்ணால பாத்திருக்காருங்கிறீங்க."

எனக்குப் புல்லரித்தது. எத்தனை உயிர் போயிருக்கும். (இந்த இடத்தை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆள் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை. என் ஆத்திரமே அதுதான்.)

"இத வச்சிருந்தா போலீஸ் புடிக்காதா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஓடாத கடியாரத்துக்கு யாராச்சும் லைசென்சு கேப்பாங்களா? பாருங்க, உருளை சுத்தாது. ஒரே இறுக்கம். இது ஆயுதமில்லங்க. சாமான்."

கேட்க எவ்வளவு தெளிவாக இருந்தது. அவர் சொன்ன விலையில் மூன்றில் ஒரு பங்கைச் சொன்னேன், அடிக்க வந்தால் ஓடுவதற்கு ஒரு காலைப் பின்னால் வைத்துக்கொண்டு. பாண்டி வானத்தைப் பார்த்தார். முருகன் டாலரைத் தொட்டார். "எடுத்துக்கங்க" என்றார்.

பேரம் முடிந்தால் விற்றவர் முகத்தில் கொஞ்சம் வருத்தம் தெரிய வேண்டும். பாண்டி முகத்தில் தெரிந்தது கருணை. அதை அப்போதே கவனித்திருக்க வேண்டும். நான் கவனித்தது என் பேரத் திறமையை மட்டும்.

வீட்டுக்குப் போகிற வழியில் புளிச்சகீரை இரண்டு கட்டு வாங்கிப் பொட்டலத்தின் மேல் பரப்பிக்கொண்டேன். போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் என்னைச் சாலை கடக்க விட்டபோது தேவையில்லாமல் அவருக்கு வணக்கம் சொன்னேன். அவர் என் கீரையைப் பார்த்து, "என்ன விலை?" என்று கேட்டார். விலை மறந்துவிட்டது. கட்டு ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டு நடந்தேன்.

ஸ்டெல்லா கீரையை எடுத்தாள். பிறகு பொட்டலத்தைப் பிரித்தாள்.

"இது என்னாங்க?"

"சரித்திரம்."

"சரித்திரம் சுடுமா?"

"இப்ப சுடாது."

"அப்ப எப்ப சுடும்?"

அவள் கத்தவில்லை, அழவில்லை. ஒரே ஒரு கட்டளை போட்டாள். குழல் முனை எப்போதும் சுவரைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். வீட்டில் யாரும், எந்தக் காரணத்துக்காகவும், அதை நேருக்கு நேர் பார்க்கக் கூடாது. நானும் நல்ல புருஷனாகக் கீழ்ப்படிந்தேன். துடைத்தபோதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டு துடைத்தேன். நல்ல புருஷனாக இருந்ததற்கு எனக்குக் கிடைத்த கூலி என்ன என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

தச்சரிடம் சொல்லி ஒரு கண்ணாடிப் பெட்டி செய்தேன். உள்ளே பச்சை வெல்வெட். மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சகலையும் அக்காவும் சாப்பிட வந்தார்கள். பெனடிக்ட் பிரியாணியில் கோழித் துண்டைத் தேடிக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து, பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, மேல் துணியை உருவினேன்.

அவர் கை சோற்றிலேயே நின்றது. முகம் வெளுத்தது. அந்த வெளுப்பைப் பார்த்த சந்தோஷத்தை நான் எதற்கும் ஈடாகச் சொல்ல மாட்டேன்.

"தம்பி, இது நெசமா?"

"துரை இடுப்பில இருந்தது அண்ணே. பெரிய துரை."

"இத வச்சிருந்தா எத்தன வருசம் உள்ள தூக்கிப் போடுவான் தெரியுமா? உன்னயும் போடுவான், இவளயும் போடுவான். இந்த வீட்டுல உக்காந்து சோறு தின்ன பாவத்துக்கு என்னயும் போடுவான்."

அதோடு எழுந்து கை கழுவினார். அக்காவைக் கிளப்பினார். படியில் இறங்கும்போதே, தான் இன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை என்று அக்காவிடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே போனார்.

நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் ஸ்டெல்லா அன்று கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். கடைசியில், "பள்ளிக்கூடத்துல தெரிஞ்சா என்னய வேலைக்கு வச்சிருப்பாங்களா?" என்று மட்டும் கேட்டாள். அன்று இரவே ரிவால்வரைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து, கட்டிலுக்கு அடியில் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் இருக்கும் அட்டைப்பெட்டியில் வைத்தேன். மூன்று ராஜாக்கள், மேய்ப்பர்கள், ஒட்டகம், ரிவால்வர். முனை சுவரைப் பார்த்து.

அடுத்த சனிக்கிழமை காலை பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஸ்டெல்லா உள்ளே ஓடிவந்தாள். "பேட்டை அதிகாரி ஊ தீன் லுவின் நம்ம படியில ஏறுறாரு. கூட போலீசு."

எட்டிப் பார்த்தேன். சீருடை. எனக்கு உடனே தெரிந்துவிட்டது, பெனடிக்ட் காட்டிக்கொடுத்துவிட்டான். கப்பல் மணிக்குப் போட்டி வந்துவிட்டது என்ற வயிற்றெரிச்சல். (இதைப் பிறகு அவரிடமே சொல்லி மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அந்த மன்னிப்பும் என் கணக்கில்தான் ஏறியது.)

"கட்டிலுக்கு அடியிலதான் மொதல்ல பாப்பாங்க" என்றாள் ஸ்டெல்லா. பர்மியப் படங்களில் அப்படித்தான் பார்ப்பார்களாம். ரிவால்வரை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு பால்கனிக்கு ஓடினாள்.

எங்கள் ஊர் மாடிவீட்டுக்காரர்கள் எல்லாரையும் போல எங்களுக்கும் பால்கனியிலிருந்து தெருவரைக்கும் ஒரு கயிறு உண்டு. நுனியில் ஒரு கிளிப். செய்தித்தாள், ரொட்டி, கீழ்க் கடைத் தேநீர் எல்லாம் அதில்தான் ஏறி வரும். ஸ்டெல்லாவின் திட்டம், பையைக் கயிற்றில் மாட்டிப் பாதிச் சுவரில் தொங்கவிட்டு, அவர்கள் போனதும் மேலே இழுத்துக்கொள்வது. நல்ல திட்டம்தான். ஆனால் ரொட்டியை இழுத்துப் பழகிய கைக்கு இரும்பின் கனம் தெரியவில்லை. கயிறு அவள் விரல்களைச் சுட்டுக்கொண்டு ஓடியது. பை நேரே கீழே, பாக்கியம் அக்காவின் தேநீர்க் கடை வாசலில் போய் நின்றது.

அதே நேரம் கதவு தட்டப்பட்டது. திறந்தேன். ஊ தீன் லுவின் சிரித்த முகமாக ஒரு வெள்ளிக் கிண்ணத்தை நீட்டினார். பிக்குகளுக்குக் காவியாடை கொடுக்கும் கத்தெய்ன் விழாவுக்கு வசூல். போலீஸ்காரர் அவருடைய மைத்துனராம். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் மாடிப்படிக்குத் துணையாக வந்திருக்கிறார்.

எனக்கு உயிர் திரும்பி வந்தது. சட்டைப்பையில் கையை விட்டேன். அந்தக் கணத்தில் கீழே இருந்து பாக்கியம் அக்காவின் குரல் வந்தது. தமிழில் கேட்டிருந்தால் தப்பியிருப்பேன். தெரு முழுக்கப் புரியும்படி, தெளிவான பர்மியில் கேட்டார்.

"மா ஸ்டெல்லா, பையில துப்பாக்கி அனுப்பியிருக்கியே, இத என்னா பண்ணணும்?"

ஊ தீன் லுவின் என்னைப் பார்த்தார். போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். நான் கிண்ணத்தைப் பார்த்தேன்.

கீழே இறங்கிப் போனபோது தேநீர்க் கடையில் எல்லாரும் எழுந்து நின்றிருந்தார்கள். மேசையில், மொஹிங்கா நூடுல்ஸ் கிண்ணத்துக்கும் சர்க்கரை டப்பாவுக்கும் நடுவில் கிடந்தது என் சரித்திரம். நான் யாரும் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். லத்தா, பாண்டி, பேரம், துரை, குதிரை. என் மனைவிக்கு ஒன்றும் தெரியாது என்றேன். (கயிற்றை இறக்கியது அவள்தான் என்பதைத் தெருவே பார்த்திருந்தது.) இரண்டு கைகளையும் சேர்த்து விலங்குக்கு நீட்டினேன். ஸ்டெல்லா என் பக்கத்தில் வந்து நின்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்களில் கயிறு அறுத்த சிவப்புக் கோடு. அதைப் பார்த்ததும் எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

போலீஸ்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். ரிவால்வரைத் தூக்கி, நாங்கள் இரண்டு வாரமாகச் செய்யாத அந்தக் காரியத்தைச் சாதாரணமாகச் செய்தார். முனையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். பாக்கியம் அக்காவிடம் ஒரு பல்குச்சி கேட்டார். குழலுக்குள் விட்டார். குச்சி நகக்கண் அளவு போய் நின்றது.

"இதுல ஓட்டையே இல்லையே" என்றார் பர்மியில்.

நகத்தால் சுரண்டினார். கறுப்புச் சாயம் உதிர்ந்தது. உருளை, விசை, குழல், எல்லாம் ஒரே வார்ப்பு. "சினிமாப் படக்காரங்க சாமான். தூரத்துல இருந்து பாத்தா போதும்."

கடையே சிரித்தது. நியாயமாக நான் மண்டியிட்டு நன்றி சொல்லியிருக்க வேண்டும். ஜெயில் இல்லை, வேலை போகவில்லை, ஸ்டெல்லாவின் பள்ளிக்கூடத்துக்குச் செய்தி போகவில்லை. ஆனால் என் உச்சந்தலைக்கு ஏறியது கோபம்.

"அப்படி இருக்க முடியாது, ஸயா" என்றேன், பர்மியர் ஐயாவுக்குச் சொல்கிற சொல்லில். "இன்னொரு தடவை நல்லாப் பாருங்க."

"பாத்தாச்சு."

"துருவா இருக்கும். அடைச்சிருக்கும். அது துரை இடுப்பில இருந்த துப்பாக்கி. எத்தனையோ பேரைக் கொன்னிருக்கு."

ஸ்டெல்லா முழங்கையைப் பிடித்திருந்த கையால் கிள்ளினாள். போலீஸ்காரர் ரிவால்வரை மேசையில் வைத்துவிட்டு, மிகவும் பொறுமையாக, என் மாதிரி ஆட்களை நிறையப் பார்த்தவர் போலச் சொன்னார்:

"இது நெசம்னா நான் எழுதணும். நீங்க என்கூட வரணும். பொய்னா ஒரு தேநீர் குடிச்சிட்டு நான் வீட்டுக்குப் போயிடுவேன். நீங்களே சொல்லுங்க, நெசமா, பொய்யா?"

எல்லாரும் என் முடிவுக்குக் காத்திருந்தார்கள். நானோ, ஆண்டவரே, யோசித்தேன். உண்மையாகவே நின்று யோசித்தேன்.

"பொய்தான், ஸயா" என்றாள் ஸ்டெல்லா.

அதோடு விட்டேனா? அப்படியானால் ஏமாற்றியவன் மேல் புகார் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் தேநீரை ஒரு வாய் உறிஞ்சினார். "என்னன்னு எழுதட்டும்? நான் சட்டத்துக்கு விரோதமா நல்ல துப்பாக்கி கேட்டேன், அவன் கெடுதல் இல்லாதத கொடுத்துட்டான்னு எழுதட்டுமா?" ஊ தீன் லுவின் சிரித்த சிரிப்பில் கிண்ணத்திலிருந்த நோட்டு இரண்டு பறந்தது. நான்தான் குனிந்து பொறுக்கிக் கொடுத்தேன்.

சட்டம் கைவிட்டால் என்ன, நேரே லத்தாவுக்குப் போனேன். பாண்டி ஓடிப்போயிருப்பார் என்று நினைத்தேன். ஓடியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அதே இடத்தில், அதே டாலரோடு உட்கார்ந்து, "வாங்க கோ சேவியர், சாப்பிட்டீங்களா?" என்றார்.

பையை அவர் முன்னால் போட்டேன். "இது துப்பாக்கியே இல்ல."

"நான் துப்பாக்கின்னு சொன்னனா? சாமான்னுதான சொன்னேன்."

"துரை இடுப்பில இருந்ததுன்னீங்க."

"இருந்திச்சே. தொரை வேசம் போட்டவரு இடுப்புல. எங்கப்பா படக் கம்பெனியில சாமான் தூக்குறவரு. கிட்ட நின்னு பாத்தாருன்னு சொன்னனே."

"எதிர்ல நின்னவன் விழுந்தான்னீங்க."

"விழுகாட்டி டைரக்டரு விடுவாரா?"

அவர் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். "கோவப்படாதீங்க. நான் நெசத்தக் குடுத்திருந்தா நீங்க இந்நேரம் இங்க வந்து சண்ட போடுவீங்களா? எங்க இருந்திருப்பீங்க? நெனச்சிப் பாருங்க. நம்ம சனத்துக்கு நான் அப்பிடிச் செய்வனா?"

கடைசியில் அவர் என்னைக் காப்பாற்றியவர் ஆகிவிட்டார். பணம் திரும்பவில்லை. அதைவிட மோசம், வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது ஸ்டெல்லா விரலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே, "அவரு சொல்றதுல என்னாங்க தப்பு?" என்றாள். அடுத்த ஈஸ்டருக்கு அவருக்கு ஒரு கேக் கொடுத்தனுப்பினாள். என் காசில்.

பெனடிக்ட் மறுவாரமே வந்தார். "நான் பாத்த ஒடனே கண்டுபுடிச்சிட்டேன். தம்பி மனசு நோவக் கூடாதுன்னுதான் சொல்லல" என்றார். பாதிச் சோற்றில் எழுந்து படியில் உருண்ட ஆள்! அதையும் குடும்பம் நம்பியது. இன்றுவரை நம்புகிறது.

அந்த வார்ப்பு ரிவால்வர் சில வருடம் வீட்டில் கிடந்தது. பிறகு ராணுவம் ஆட்சியைப் பிடித்து, ஊர் நிலவரம் மாறியது. ஒருநாள் ஸ்டெல்லா என்னைக் கேட்காமலே அதைச் சுத்தியலால் உடைக்கச் சொல்லி, பழைய இரும்போடு இரும்பாக எடைக்குப் போட்டுவிட்டாள். அதில் மட்டும் நான் கோபப்படவில்லை. பல்குச்சி விட்டுப் பார்க்கிற பொறுமை இப்போது சோதனைக்கு வருகிறவர்கள் யாருக்கும் இல்லை.

ஆனால் குடும்பம் எதையும் எடைக்குப் போடாது. நான் பப்பாளி வாங்கினாலும், குடை வாங்கினாலும், கைபேசி வாங்கினாலும் ஒரே கேள்விதான்: "ஓட்டை இருக்கான்னு பாத்தீங்களா?" மாமனார் கேட்பார். சகலை கேட்பார். சகலையின் மகன் நிச்சயதார்த்தத்தில் நான் பெண்ணுக்கு மோதிரம் வாங்கிப் போனபோது, மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் கேட்டார்கள். சம்பவம் நடந்தபோது பிறந்தே இருக்காத என் மகள், தமிழில் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசத் தடுமாறுகிறவள், இந்த ஒன்றை மட்டும் சுத்தத் தமிழில் சொல்வாள்.

போன மாதம் ஸ்டெல்லா தையல் ஊசி வாங்கி வரச் சொன்னாள். நான் செருப்பை மாட்டும்போது உள்ளேயிருந்து மகள் அதே கேள்வியைக் கேட்டுக் குரல் கொடுத்தாள். அப்பா என்கிற மரியாதை வேண்டாமா? வேகமாகப் படியிறங்கிப் போய்விட்டேன்.

கடையில் மட்டும் ஒவ்வொரு ஊசியாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் வாங்கினேன்.